கையெட்டும் தூரத்து அலை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் போதும், தெருவே திரண்டுவிடும். மாநகராட்சிக்கு மனு போகும். கவுன்சிலர் வந்து சமாதானம் பேசுவார். 'கதிர்வீச்சு' என்ற சொல் ஒரே மாலையில் நூறு தடவை காதில் விழும். அதே தெருமுனையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி ஒருவர் இடுப்பில் வாக்கி டாக்கியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து யாருக்கும் பயம் வந்ததில்லை.

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் அந்தத் தெருவைக் கடப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மாடியில் நிற்கும் டவர் அவருடைய வண்டியை அநேகமாக ஒன்றும் செய்யாது. செக்யூரிட்டியின் இடுப்பில் இருக்கும் கருவியோ, வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தான் அழுத்தப்பட்டால், முறையாகச் சோதிக்கப்படாத ஒரு நாற்காலியைத் தானாக நகரவைத்துவிடக்கூடும்.

நாற்காலி தானாக நகர்வதா என்று சிரிக்கத் தோன்றும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படிச் சொன்னவர்களைப் பார்த்தும் பலர் சிரித்திருப்பார்கள். கையை எடுத்த பிறகும் வண்டி ஓடியது, நின்றிருந்த வண்டி திடீரென்று கிளம்பியது, நடைபாதை விளிம்பிலிருந்து கீழே பாய்ந்தது என்று புகார்கள் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்தன. பக்கத்தில் போலீஸ் வண்டியோ தீயணைப்பு வண்டியோ ரேடியோவில் பேசியபோது இப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மின்காந்த இடையூறால் பழுதான கருவிகளைப் பற்றி 1995இல் வெளியிட்ட தொகுப்பில் ராக்கெட், விமானக் கதைகளுக்கு நடுவே சக்கர நாற்காலிக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறது. உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விஷயத்தைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அங்கே, ஆள் தொடாமலேயே, ரேடியோ அலை பட்ட மாத்திரத்தில் சில நாற்காலிகளின் சக்கரம் சுழன்றது. சிலவற்றில் பிரேக் விடுபட்டது.

1994இல் நிர்வாகம் உற்பத்தியாளர்களுக்கு ஓர் எண்ணைச் சொன்னது: மீட்டருக்கு 20 வோல்ட். அந்த அளவு வலிமையுள்ள ரேடியோ அலைக்குள் நின்றாலும் நாற்காலி தடுமாறக் கூடாது, தாங்கும் அளவு என்ன என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும் என்றது. சக்கர நாற்காலிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176இன் 21ஆம் பகுதியும் பின்னர் அதே எண்ணையே எடுத்துக்கொண்டது. வீட்டில் பயன்படும் பொதுவான மருத்துவக் கருவிகளிடம் உலகத் தரம் எதிர்பார்ப்பது இதில் பாதிதான், 10 வோல்ட். அவற்றைவிடச் சக்கர நாற்காலியிடம் கூடுதல் உறுதி கேட்கப்படுவதற்குக் காரணம் எளிது: இது ஆளைச் சுமந்துகொண்டு தெருவில் ஓடுகிற மருத்துவக் கருவி.

அலை எப்படி உள்ளே நுழைகிறது? தென்னிந்தியாவில் 2000களில் செல்போன் வைத்திருந்த எவரும் இதற்கான விடையைத் தங்கள் காதாலேயே கேட்டிருக்கிறார்கள். டி.வி.க்கோ ரேடியோவுக்கோ பக்கத்தில் போனை வைத்திருந்தால், அழைப்பு வருவதற்கு ஒரு விநாடி முன்பே ஸ்பீக்கர் 'டிட்டிட்டிட்... டிர்ர்ர்' என்று பொருமும். "யாருக்கோ போன் வருது பார்" என்று வீட்டில் குரல் எழும், பிறகுதான் மணி அடிக்கும். அந்த 2ஜி போன்கள் அலையைத் தொடர்ச்சியாக விடாமல் விநாடிக்கு 217 துடிப்புகளாக விட்டன. ஸ்பீக்கர் பெட்டியின் ஒயர் அந்தத் துடிப்பை ஆன்டெனா போல வாங்கியது; உள்ளேயிருந்த டிரான்சிஸ்டர் அதைத் தன் சொந்த மின்னழுத்தமாக மாற்றிக்கொண்டது. யாரும் அனுப்பாத ஒரு செய்தியை அந்தப் பெட்டி உண்மையென்று நம்பிச் சத்தம் போட்டது.

சக்கர நாற்காலியிலும் இதே ஏமாற்றுதான் நடக்கிறது. வித்தியாசம், இங்கே ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மோட்டார் இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியில் இருக்கும் அந்தச் சிறு குச்சி ஒரு மின்னழுத்தத்தைத்தான் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. 5 வோல்ட்டில் இயங்கும் ஜாய்ஸ்டிக் நடுவில் நின்றால் இரண்டரை வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் தள்ளினால் அது ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். நடுப்புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், கை லேசாக நடுங்கினால் வண்டி கிளம்பிவிடாமல் இருக்க. ஜாய்ஸ்டிக்கிலிருந்து இருக்கைக்கு அடியிலுள்ள கன்ட்ரோலருக்குப் போகும் ஒயர் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இருக்கும். போலீஸ், ரயில்வே முதலியோர் காலங்காலமாகப் பயன்படுத்திய 150 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்து அலையின் நீளம் 2 மீட்டர். அதில் கால் பங்கு அரை மீட்டர். அலைநீளத்தில் கால் பங்குள்ள கம்பி நல்ல ஆன்டெனா என்பது ரேடியோ படித்தவர்களின் அரிச்சுவடி. எனவே ஜாய்ஸ்டிக் ஒயர், யாரும் கேட்காமலேயே, வாக்கி டாக்கிக்கு ஏற்ற நீளத்தில் அமைந்துவிடுகிறது. ஒயரில் ஏறும் அலையைக் கன்ட்ரோலரின் முகப்பில் உள்ள சிப் நேர்மின்னழுத்தமாக மாற்றிவிட்டால், இரண்டரை வோல்ட் இரண்டே முக்கால் ஆகலாம். கன்ட்ரோலருக்கு அது 'முன்னால் போ' என்ற கட்டளை. கட்டளை கையிலிருந்து வந்ததா காற்றிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

இதில் ஒரு முரண் உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காகக் கனடாவின் ஜார்ஜ் க்ளைன் மின் சக்கர நாற்காலியை உருவாக்கினார். 1956இல் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. சுவிட்சாலும் ரிலேயாலும் மோட்டாரை இயக்கும் பழைய பாணி வண்டி குலுங்கும், உதறும். ஆனால் ரேடியோ அலையால் அதை ஏமாற்றுவது கடினம். ரிலேயின் இரும்பு நாக்கைத் தள்ளும் வலு அலைக்குக் கிடையாது. வண்டி வழவழப்பாக, விரல் நுனிக்குக் கட்டுப்பட்டு ஓட வேண்டும் என்று நுண்மின்னணு உள்ளே வந்த பிறகுதான் இந்தக் கதவு திறந்தது. தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவரின் விரலசைவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு கருவி கூர்மையானால், பக்கத்து ரேடியோவின் முணுமுணுப்பும் அதற்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

தூரத்தை வைத்துப் பார்த்தால் மிச்சமும் விளங்கும். அலை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டு, பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோவாட் சக்தியுள்ள ஒரு எஃப்.எம். நிலையம் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏற்படுத்தும் புலம் மீட்டருக்கு முக்கால் வோல்ட் அளவுதான். கையடக்க வாக்கி டாக்கியின் சக்தி வெறும் 5 வாட். எஃப்.எம். நிலையத்தின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் அது 12 வோல்ட்டைத் தருகிறது. 60 சென்டிமீட்டரில் 20ஐத் தொட்டுவிடுகிறது. இவ்வளவு அருகில் இந்தச் சூத்திரம் துல்லியமானதில்லை, பக்கத்துச் சுவரும் தரையும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும். என்றாலும் எது பெரிது எது சிறிது என்பதில் மாற்றம் இருக்காது. 60 சென்டிமீட்டர் என்பது சாய்தளத்தில் வண்டியைப் பிடித்து உதவ வரும் செக்யூரிட்டிக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் இடையிலுள்ள தூரம். உதவ வந்த நேரத்தில் இடுப்பிலுள்ள கருவியில் "கேட்டைத் திறக்கவா சார்" என்று அவர் பேசினால், அந்தத் தெருவிலேயே வலுவான ரேடியோ அலை அப்போது நாற்காலியின் கைப்பிடியில்தான் இருக்கும்.

தென்சென்னைப் புறநகரின் ரேடியோ வரைபடத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் பயப்பட வேண்டிய இடங்கள் இடம் மாறிவிடுகின்றன. மீனம்பாக்கத்தில் விமான நிலையம். தாம்பரத்தில் 1954 முதல் விமானிப் பயிற்றுநர் பள்ளி இயங்கும் விமானப்படைத் தளம். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மழை பார்க்கும் ரேடார். பெரிய பெரிய ஆன்டெனாக்கள். ஆனால் ரேடாரின் கற்றை வானத்தைப் பார்க்கிறது, மற்றவை வேலிக்கு அப்பால் தொலைவில் நிற்கின்றன. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை-தாம்பரம் பாதையில் இன்று 25 ஆயிரம் வோல்ட் கம்பி தலைக்கு மேல் போகிறது. ரயில் கடக்கையில் மேற்கம்பியில் தெறிக்கும் தீப்பொறி, தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் மத்திய அலை ரேடியோ கேட்பவர்களுக்குக் கரகரப்பைக் கொடுத்திருக்கும். அந்த இரைச்சல் பல அலைவரிசைகளில் சிதறிப் பரவுவது; நடைமேடையில் நிற்கும் நாற்காலியை எட்டும்போது ஒரு வோல்ட்டில் சிறு பின்னமாகத்தான் இருக்கும்.

கவனம் வைக்க வேண்டியது வேறிடத்தில். தாம்பரம் ரயில் நிலையத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் கையில். 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் நுழைவாயிலில். வண்டலூர் உயிரியல் பூங்காவில், ஜி.எஸ்.டி. சாலையின் ஜவுளி மாளிகைகளில், கல்யாண மண்டபங்களில், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களில். காவல்துறையில் 'மைக்' என்றே சொல்லிப் பழகிய இந்தக் கருவி இப்போது கேட்டரிங் ஆள் வரைக்கும் வந்துவிட்டது. வரத்து எங்கிருந்து என்பதற்கும் சாட்சி உண்டு: 2025 மே மாதம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசையில் இயங்குகிறது, உரிமம் தேவையா, அரசின் ஒப்புதல் பெற்றதா என்ற விவரமே இல்லாமல் வாக்கி டாக்கிகள் விற்கப்பட்டதுதான் காரணம். நெரிசலான இடத்தில் யார் கையில் எத்தனை வாட் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை.

டவருக்குத் திரும்பலாம். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் செல்போன் டவர்களின் அலைவீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மனித உடலை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்ற அந்த வரம்பை வோல்ட்டில் மாற்றினால் மீட்டருக்கு 13 வருகிறது. 1800 மெகாஹெர்ட்ஸில் 18க்குச் சற்று மேல். இரண்டும் 20க்குக் கீழே. பழைய வரம்பில் 900 மெகாஹெர்ட்ஸ் எண் 41ஆக இருந்தது. யாரும் சக்கர நாற்காலியை நினைத்துப் பார்க்காமல் செய்த ஒரு கணக்கு, 20 வோல்ட்டுக்குச் சோதிக்கப்பட்ட நாற்காலியை டவர் வரம்புக்குள் தற்செயலாகப் பத்திரப்படுத்திவிட்டது. சோதிக்கப்படாத நாற்காலிக்கு இந்த ஆறுதல் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கச் சோதனைக்கூடத்தில் சக்கரம் சுழன்ற நாற்காலிகள் சில 20ஐ எட்டும் முன்பே தடுமாறியவைதான்.

செல்போனைப் பொறுத்தவரை காலம் நல்ல திசையில் நகர்ந்திருக்கிறது. 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை விடும். 4ஜி போனுக்கு உச்சம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதே சூத்திரத்தின்படி முன்னது 40 சென்டிமீட்டரில் எட்டிய புலத்தைப் பின்னது 12 சென்டிமீட்டரில்தான் எட்டும். ஸ்பீக்கரில் அந்த 'டிட்டிட்டிட்' மறைந்து போனதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் பழக்கமும் கூடவே மாறிவிட்டது: போன் சட்டைப்பையை விட்டு நாற்காலியின் கைப்பிடிக்கு வந்துவிட்டது. ஸ்டாண்டு ஒன்றை மாட்டி, ஜாய்ஸ்டிக்குக்கு நான்கு விரற்கடை தள்ளிப் போனை நிறுத்திக்கொள்கிறார்கள், வழிகாட்டி வரைபடம் பார்க்க வசதி. லிப்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் மங்கும். போன் தன் முழு பலத்தையும் கூட்டி டவரைக் கூப்பிடும். சுற்றிலும் உலோகச் சுவர். போனை மறுபக்கக் கைப்பிடிக்கு மாற்றிவிட்டால் செலவில்லாமல் தீரும் விஷயம் இது.

5ஜி தனியாக ஒரு வரி கேட்கிறது. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே சென்னை இருந்தது. அதன் முக்கிய அலைவரிசை 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. சக்கர நாற்காலித் தரத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு 26 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2.5 கிகாஹெர்ட்ஸோடு சோதனையை முடித்துக்கொள்கிறது. அலைநீளம் குறையக் குறைய நீண்ட ஒயரைவிடச் சர்க்யூட் பலகையின் சிறு தடங்கள்தான் ஆன்டெனா ஆகும். கன்ட்ரோலர் வடிவமைப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் அங்கே.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் உண்மையான சிக்கல் அலை சம்பந்தப்பட்டதே இல்லை. அது பிரேக்.

சைக்கிளில் பிரேக் பிடிக்கக் கம்பி இருக்கிறது. தமிழக அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் கைப்பிரேக் இருக்கிறது. ஜாய்ஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையால் அழுத்தி நிறுத்த எதுவுமே கிடையாது. ஜாய்ஸ்டிக்கை விட்டால் நிற்கும், அதுதான் பிரேக். மோட்டாருக்குள் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு தட்டு, மின்சாரம் கொடுத்தால் விடுபடும். மின்சாரம் கொடுப்பதா நிறுத்துவதா என்பதும் அதே கன்ட்ரோலரின் முடிவு. மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் பின்னால் கீழே இருக்கும், உதவியாளர் கைக்கு. ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரே மின்னணுப் பெட்டியின் வழியாக நடக்கிறது. அந்தப் பெட்டியைத்தான் அலை குழப்புகிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது கேட்க மெதுவான வேகம். ஆனால் திகைத்து ஒரு விநாடி தாமதித்தால் வண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் போயிருக்கும். நடைமேடை விளிம்பிலும், மூடி இல்லாத மழைநீர் வடிகாலின் ஓரத்திலும் அது நீளமான தூரம். மிஞ்சுவது பவர் பொத்தான் ஒன்றுதான். விரல் வலுவில்லாதவருக்கு அதை அழுத்துவதே ஒரு வேலை.

நல்ல கன்ட்ரோலர்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஜாய்ஸ்டிக்கில் ஒரு உணரிக்குப் பதில் இரண்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி அமைத்திருப்பார்கள். அலை வந்து இரண்டையும் ஒரே பக்கம் தள்ளினால் கணக்கு உதைக்கும்; கன்ட்ரோலர் சந்தேகப்பட்டு வண்டியை நிறுத்திவிடும். ஒயரைச் சுற்றி உலோகப் பின்னல், ஒயர் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையம், முகப்பில் அலையைத் தரையிறக்கும் சிறு மின்தேக்கிகள். லேப்டாப் சார்ஜர் ஒயரில் ஒரு முனையில் குண்டாகத் தெரிவது அந்த ஃபெரைட்தான். இவை எதுவும் பெரிய செலவு வைப்பதில்லை. ஆனால் வெளியே தெரியாதவை என்பதால், விலையைக் குறைக்க நினைப்பவரின் கத்தி முதலில் விழுவதும் இவற்றின் மேல்தான்.

பழுது பார்ப்பதிலும் அதே ஆபத்து. அறுந்துபோன ஜாய்ஸ்டிக் ஒயரை மெக்கானிக் நடுவில் வெட்டி, நான்கு இழையையும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தால் வண்டி ஓடும். வெளிப் பின்னலை இணைக்காமல் விட்டிருந்தாலும் ஓடும். எப்போதும் போலவே ஓடும், ஒரு வாக்கி டாக்கி பக்கத்தில் வரும் வரை. வெளிநாட்டு நிறுவனங்களின் கையேடுகளில் இதற்கென்றே ஒரு பத்தி உண்டு: உதிரி பாகம் சேர்ப்பதும் மாற்றியமைப்பதும் நாற்காலியின் தாங்குதிறனைக் குறைக்கலாம், எவ்வளவு குறைந்தது என்று அறிய எளிய வழி கிடையாது என்று. பெட்டியோடு வந்த கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கூடுதல் மொபைல் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றாகச் சேரும் நம் ஊர் வண்டிகளுக்காகவே எழுதியது போன்ற பத்தி அது.

எல்லாப் பழியையும் அலை மேல் போடுவதும் சரியில்லை. தானாக நகர்ந்த ஒரு நாற்காலியைத் திறந்து பார்த்தால் சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான். ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே இறங்கிய மழை, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து உப்புக் காற்றில் பச்சை பூத்த இணைப்பிகள், தேய்ந்துபோன பொட்டென்ஷியோமீட்டர். இவை தடயம் விட்டுச் செல்லும். ரேடியோ அலை எதையும் விட்டுச் செல்லாது. கருகிய நாற்றம் இல்லை, உடைந்த பாகம் இல்லை; சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஓடும், பழி ஓட்டியவர் மேல் விழும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆம்புலன்ஸில் நடந்ததும் இதே வகை. ஊழியர்கள் ஆலோசனை கேட்க ரேடியோவில் பேசிய ஒவ்வொரு முறையும் நோயாளியின் இதயத் துடிப்புக் கருவி நின்றுபோனது, நோயாளி பிழைக்கவில்லை. வண்டியின் உலோகக் கூரையை ஃபைபர் கண்ணாடியாக மாற்றி, அதன் மேல் ஆன்டெனா வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. கருவியைத் தனியே மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு குறையும் கண்ணில் பட்டிருக்காது.

அதனால்தான் நேரமும் இடமும் முக்கியம். வண்டி தானாக நகர்ந்தால் எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று குறித்துவைக்கச் சொல்கின்றன அந்த வெளிநாட்டுக் கையேடுகள். இந்தியாவிலும் அப்படிக் குறித்ததைச் சொல்ல இடமிருக்கிறது: மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டம், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும் என்றால், நாற்காலிகள் வீட்டை விட்டு வெளியே வரத் தொடங்கிவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். நெடுநாள் வழக்காடலுக்குப் பிறகு 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதன்பின் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன. சாய்தளம் இறக்கி நாற்காலியோடு ஏறலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தசைச்சிதைவு உள்ளவர்களுக்கும் அரசு பேட்டரி நாற்காலி வழங்குகிறது. வீட்டு வரவேற்பறையில் ஓடும்வரை ஒரு நாற்காலிக்கு 20 வோல்ட்டைத் தாங்கும் தேவை வருவது அரிது. பேருந்து நிலைய வாசலில் அது அன்றாடத் தேவை.

வடிவமைக்கும் கைகளும் சோதிக்கும் கருவிகளும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன என்பதுதான் சுவையான செய்தி. கிண்டியில் சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில், நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலியை 2019இல் வெளியிட்டது. அங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் 'நியோபோல்ட்', கையால் தள்ளும் நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் பாகம். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். அதில் ஸ்கூட்டர் போலக் கைப்பிடியும் பிரேக்கும் ஓட்டுபவர் கையிலேயே இருக்கின்றன. கையில் வலு உள்ளவருக்கு அது பெரிய காப்பு. வலு இல்லாதவருக்கு ஜாய்ஸ்டிக்தான் வழி, அவருக்குத்தான் அந்த 20 வோல்ட் எழுத்தில் வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் தரமணியில், மத்திய மின்னணு அமைச்சகத்தின் 'சமீர்' நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. மின்காந்தச் சோதனைதான் அதன் தொழில்.

அத்தகைய சோதனை அறை பார்க்க விசித்திரமாக இருக்கும். சுவரெங்கும் அலையை விழுங்கும் கூம்புகள். தரத்தின்படி நாற்காலியை நடுவில் நிறுத்தி, சக்கரம் தரையில் படாமல் தூக்கிவைப்பார்கள். ஆன்டெனா 26 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும். ஒவ்வொரு படியிலும் 20 வோல்ட் புலம். அறைக்குள் ஆள் இருக்க மாட்டார்கள், கேமரா மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவ்வளவு வசதி இல்லாத பட்டறைகளுக்கு மின்காந்தப் பொறியாளர்கள் வைத்திருக்கும் நாட்டுவழி ஒன்று உண்டு. ஆளை இறக்கிவிட்டு, நாற்காலியின் சட்டத்தைச் செங்கல் மேல் ஏற்றிச் சக்கரத்தை அந்தரத்தில் விடுவது. பவரைப் போட்டு, ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விடுவது. உரிமமுள்ள ஒரு வாக்கி டாக்கியை வாங்கி, ஜாய்ஸ்டிக் அருகில், ஒயர் போகும் வழியில், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் என்று இடம் மாற்றி மாற்றிப் பொத்தானை அழுத்துவது. சக்கரம் அசையாவிட்டால் சான்றிதழ் கிடைத்ததாக அர்த்தமில்லை. வேறு அலைவரிசையில், வேறு கோணத்தில் அது அசையலாம். கால் சுற்று சுற்றிவிட்டால், அந்த வண்டியைக் கொடுக்கும் முன் திறந்து பார்க்க வேண்டிய ஒயர் எதுவென்று பட்டறைக்காரருக்குத் தெரிந்துவிடும்.